கழனி இல்லாத கைகள்

படாளம்,
புரட்டாசி 3

செல்வ மகள் ஜெயப்பிரியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. என் மேல் உள்ள கோபம் குறையவில்லை. உனக்கும் கோபம் என்று தெரியும். போன் செய்தால் மீட்டிங் என்கிறாய். ஞாயிற்றுக்கிழமையுமா மீட்டிங்? அதனால்தான் மெயிலில் கடிதமாக எழுதுகிறேன். இதில் நீ பாதியில் வைத்துவிட முடியாது.

உன் நண்பர்கள் மூன்று பேரின் குட்டை நான் பொதுவில் உடைத்துவிட்டேன். உடைத்தது சரி. மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. ஆனால் உனக்குப் பாதிக் கதைதான் தெரியும், மீதியையும் கேள்.

மோட்டார் காயில் கட்டும் கடையில் உட்கார்ந்து, போனைப் பார்த்தே பைத்தானில் புரோகிராம் எழுதக் கற்றவன் நான். எவனும் சொல்லித் தரவில்லை. ஏரியில் எவ்வளவு தண்ணீர், எந்த மதகின் கீழ் என்ன பயிர் என்று கொடுத்தால், எந்தக் கழனிக்கு எந்த நாளில் தண்ணீர் என்று என் புரோகிராம் சொல்லும். நம் ஏரியின் நீர்க்கட்டி சின்னராசு இப்போது அதைப் பார்த்துத்தான் மதகு திறக்கிறான். போன நவரைப் பட்டத்தில் கடைமடைக்கும் தண்ணீர் போனது. எந்த ஊரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளட்டும் என்று, இப்படிப்பட்ட புரோகிராம்களை வைக்கும் பொதுக் கிடங்கில் ஏற்றினேன்.

அந்தக் கிடங்கில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வகைப் பெயர் கட்ட வேண்டும். தேடி வருகிறவர்கள் அதை வைத்துத்தான் தேடுவார்கள். நட்சத்திரம் பார்ப்பதற்கு வகை இருக்கிறது, சீட்டாட்டத்துக்கு இருக்கிறது. ஏரிப் பாசனத்துக்கு இல்லை. புதிதாக ஒன்று வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். வகைகளைக் கவனிக்கும் ரூத் என்ற அம்மாள், நீர் வழங்கல் என்ற வகையில் வைத்துவிடுங்களேன் என்று பதில் போட்டார். அங்கே போய்ப் பார்த்தேன். எல்லாம் குழாய்த் தண்ணீருக்கு பில் போடுகிறவை. குழாயைத் திருப்ப ஒருவன் போதும், மதகைத் திறக்க ஊர் கூட வேண்டும் என்று எழுதினேன். பல நாள் மல்லுக்கட்டியபின் ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரே ஆளுக்காக ஒரு வகையைத் திறக்க முடியாது, வேறு யாராவது ஒருவரும் இதே வேலைக்கு எழுதியிருக்க வேண்டும் என்றார். நியாயம்தான். வாழ்நாளில் நான் எதிர்த்துப் பேசாத ஒரே பேச்சு அது என்கிறாள் உன் அம்மா.

அப்போதுதான் அந்த மூன்று பேர் வந்தார்கள். நாங்களும் எழுதியிருக்கிறோம், எங்களுக்கும் இந்த வகை வேண்டும் என்று கிடங்கில் என் கோரிக்கைக்குக் கீழே எழுதினார்கள். அந்தச் சந்தோஷத்தில் நம் கடையில் இருந்த எல்லாருக்கும் பக்கோடா வாங்கிக் கொடுத்தேன். பிறகு அவர்கள் எழுதியதை நிதானமாகப் படித்தேன். எங்கள் ஏரியில் வருடம் முழுவதும் தினமும் மதகு திறக்கிறோம் என்று ஒருவன் எழுதியிருந்தான். சின்னராசுவிடம் படித்துக் காட்டினேன். “தெனம் தொறந்தா மாசி பொறக்கறதுக்குள்ள ஏரியில கிரிக்கெட்தான் ஆடணும். யார் அண்ணாத்த இவன், சேத்துல கால வெச்சிகீறானா?” என்று சிரித்தான். பெயரைப் பார்த்தேன். பாலா. உன் கல்யாணத்தில் மூன்று தரம் பாயசம் கேட்டு வாங்கிய, உன்னோடு ஆபீஸில் வேலை செய்கிற பையன். அவர்கள் ஏற்றியவற்றைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் பெயர்.

மூன்று பேரையும் எழுதச் சொன்னது நீயா என்று போனில் கேட்டேன். உனக்காகத்தானேப்பா செஞ்சேன், எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க என்றாய். எனக்காகத்தான் செய்தாய். அது எனக்குத் தெரியாதா?

ஆனால் நம் ஏரிக் கூட்டத்தை நினைத்துப் பார். எந்த மதகை முதலில் திறப்பது என்று கை தூக்கித்தான் முடிவு செய்கிறோம். கழனி இருக்கிறவன்தான் தூக்கலாம். ஒரு வருடம் பிளாட் போடுகிற ஒருவர், கை தூக்குவதற்கென்றே வேனில் ஆள் கொண்டுவந்தார். நான் எழுந்து, உன் கழனிக்குக் கிழக்கே யார் கழனி என்று ஒவ்வொருவனாகக் கேட்டேன். பேஜாரு புடிச்ச ஆளு என்று திட்டிக்கொண்டே வேன் ஏறினார்கள். நீ அதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டவள். அவர்களிடம் கேட்ட நான், எனக்காகத் தூக்கிய கையை மட்டும் கேட்காமல் விடுவேனா?

அதனால் எழுதிவிட்டேன்: இவர்கள் என் மகளின் நண்பர்கள், கணக்கில் சேர்க்க வேண்டாம். ரூத் நன்றி சொல்லி மூன்றையும் நீக்கினார். உண்மையான இன்னொன்று வரும்வரை என் கோரிக்கை காத்திருக்கும் என்றார். “சண்ட போட ஊர்ல ஆள் பத்தலன்னு வெளிநாடு வரைக்கும் போயி, பெத்த பொண்ணையே இட்டாந்து நிக்க வெச்சிகினியே, இன்னா மனுசன்யா நீ?” என்றாள் உன் அம்மா. அன்று முழுதும் தட்டை டொக்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

என் புரோகிராமை வேறு எந்த வகையிலும் வைக்கமாட்டேன். வகை இல்லாமலே கிடக்கட்டும். போன வாரம் செய்யூர்ப் பக்கமிருந்து ஒருவர் போன் செய்தார். எப்படியோ தேடிப் பிடித்து அவர்கள் ஏரிக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். எனக்கு அது போதும் என்று அம்மாவிடம் சொன்னேன். போதாது. உன்னிடம் சொல்லலாம்.

இன்னொன்றும் உன்னிடம்தான் சொல்ல முடியும். ஏரியில் வண்டல் ஏறிவிட்டது. அளவுகல்லில் பழைய மட்டம் தெரிகிறது, தண்ணீர் அந்த அளவுக்கு இல்லை. என் கணக்கு அங்கே தவறுகிறது. எவ்வளவோ முட்டிப் பார்த்தேன், எனக்கு வரவில்லை. நீ அங்கே செயற்கைக்கோள் படத்தை வைத்துக் காடுகளை அளக்கிறாய். ஏரியையும் அளக்கலாம் அல்லவா? ஆனால் படம் மட்டும் போதாது. தரை காய்ந்திருக்கும்போது உள்ளே நடந்து, வண்டல் எங்கே எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் முடியாது.

இந்தக் கணக்குக்கு நீ ஒரு புரோகிராம் எழுதிக் கிடங்கில் ஏற்றினால், இவள் என் மகள் என்று முதல் வரியிலேயே ரூத்துக்குச் சொல்லிவிடுவேன். ஏற்பதும் மறுப்பதும் அவர் பாடு. தப்பாக எழுதினால் அதையும் சொல்வேன். நீ தப்பாக எழுதமாட்டாய்.

டிக்கெட் போட்டதும் அம்மாவுக்கு போன் செய். என்னிடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை, ஏரிக்குள் நடக்கும்போது பேசிக்கொள்ளலாம். நன்றாக இரு, கண்ணு. மழைக்கு முன்னால் வா.

உன் அப்பா,
சடையப்பன்