கம்பம் சொன்ன அளவு

அக்டோபர் 9
அணை அலுவலகத்தில் சேர்ந்து நாற்பது நாள். காலை எட்டு மணிக்கு நீர்மட்டம் எழுதுவது என் வேலை. மழைக்காலத்தில் தொண்ணூறு அடியைத் தாண்டக்கூடாது. அதற்கு மேலே உள்ள இடம் வெள்ளம் வந்தால் தாங்குவதற்கு. அணையின் அளவுகோலுக்குப் போகிற படி வழுக்கும். அதனால் படகுத்துறைக்குப் போன் செய்து, அங்குள்ள அளவுக் கம்பத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்வது இங்கே வழக்கம். எடுப்பது அப்பாதான், படகு ஓட்டுகிறவர். “எண்பத்தொன்பதரை, மேடம்” என்று கிண்டலாகச் சொல்வார்.

அக்டோபர் 14
அப்பா சவாரிக்குப் போய்விட்டார், போனை யாரும் எடுக்கவில்லை. நானே படியிறங்கினேன். அளவுகோலில் தொண்ணூறே முக்கால். படகுத்துறைக்கு நடந்துபோய்ப் பார்த்தால் கம்பத்தில் எண்பத்தொன்பதே முக்கால்.
சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன். “கோடையில துறைக்குப் பலகை மாத்துனப்ப கம்பத்தப் புடுங்கி நட்டேன். அடியில பாறை. ஒரு அடி மேல நின்னுக்கிச்சு. யாரு கேக்கப்போறா?”


அக்டோபர் 15
சொன்னால் தண்ணீரை இறக்குவார்கள். துறை சேற்றில் நிற்கும், அப்பா வீட்டில் உட்காருவார். பழியும் அவர் தலையில். சொல்லாவிட்டால்? ஆற்றோரத் தெருவில் எத்தனை வீடு? கனமழை வருகிறது என்று ரேடியோ சொல்கிறது.
பெரிய இன்ஜினியர் அறை வாசல் வரை போனேன். திரும்பி வந்து, கம்பம் சொன்ன தொண்ணூறையே எழுதினேன். கோழை.

அக்டோபர் 16
வாய் வரவில்லை. பதிவேட்டில் தொண்ணூற்றொன்று என்று எழுதி நீட்டினேன்.
“என்னம்மா, ஒரே நாள்ல ஒரு அடி ஏறிடுச்சா?”
“கோடையிலேருந்தே துறைக் கம்பம் ஒரு அடி கொறச்சுக் காட்டுது சார்.”
அவரே இறங்கிப் பார்த்தார். முழங்கால் வரை நனைந்து வந்தார். “அந்தக் கம்பத்த நட்டது யாரு?”
“எங்கப்பா.”
 மதியம் ஷட்டர் திறந்தார்கள், கனமழைக்கு முன்பே எண்பத்தெட்டுக்கு இறக்க.

அக்டோபர் 18
படகெல்லாம் சேற்றில் சாய்ந்து கிடக்கிறது. அப்பா என்னிடம் பேசவில்லை. அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்கத்தான்: “வீட்டுல மொத டிகிரி. அப்பன் படகத் தரையேத்திட்டா.”

அக்டோபர் 19
மழை.

அக்டோபர் 21
தொண்ணூற்றேழு. அணையின் உச்சம் தொண்ணூற்றெட்டு. ஆற்றோரத் தெருவில் தண்ணீர் வாசற்படி வரை வந்து நின்றது. இறக்காமல் இருந்திருந்தால்— கணக்குப் போட ஆரம்பித்துப் பேனாவை மூடிவிட்டேன்.

அக்டோபர் 25
வெயில். மழையில் மூடிய துறையைத் திறக்கச் சொல்லிப் படகுக்காரர்களிடமிருந்து நேற்றிலிருந்து ஓயாமல் போன். இன்னும் உத்தரவு வரவில்லை.
சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா தட்டைப் பார்த்தபடியே கேட்டார். “இன்னிக்கு எவ்வளவு?”
“தொண்ணூத்து மூணு.”
குழம்பை என் பக்கம் தள்ளினார்.
“அப்ப இன்னும் மூணு எறக்கணுமே.”