ஒலிபெருக்கியில் வாசித்த எடை

சவாயீ தீவு, சமோவா
செப்டம்பர் 9

அன்பு மகன் உவெலெசிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நீ ஆக்லாந்துக் குளிரைத் தாக்குப்பிடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவின் முதுகுவலி தேவலை, டாரோக் கிழங்கு இரண்டாம் நடவு முடிந்தது, நாய் நாலு குட்டி போட்டிருக்கிறது. எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் உன் தங்கை பெனினா நலமாக இல்லை, அதற்குக் காரணம் நான். போனில் சொல்லியிருப்பேன், நம் வீட்டுக்குச் சுவர் ஏது, பேசுவதெல்லாம் அவள் காதில் விழும். அதனால் நாளை விமானம் ஏறும் போதகர் மகனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஆறு மாதத்துக்கு முன்னால் மாவட்ட மருத்துவமனையிலிருந்து நர்ஸ் லூசியா வந்து பள்ளிப் பிள்ளைகளை நிறுத்துப் பார்த்தாள். நாற்பத்து மூன்று பேரில் பாதிக்கு மேல் எடை கூடுதல், பன்னிரண்டு வயசுப் பையன் ஒருவனுக்கு அதற்குள் சர்க்கரை. ஊர் மாதர் குழு உட்கார்ந்து திட்டம் போட்டோம், நான்தான் செயலாளர், எழுதியதெல்லாம் என் கை. வாரம் மூன்று நாள் சாயங்காலப் பிரார்த்தனைக்கு முன்னால் மைதானத்தில் பாட்டுப் போட்டு ஆட்டம், பள்ளிக்கூட வாசலில் கலர் சோடாவும் பாக்கெட் நூடுல்ஸும் விற்கக் கூடாது, ஞாயிறு விருந்தில் மீனும் கீரையும் கட்டாயம், பிள்ளைகளுக்கென்று ஒரு காய்கறித் தோட்டம். நல்ல திட்டம், இப்போதும் சொல்வேன். தொடக்க விழாவுக்குத் தலைநகரிலிருந்து அதிகாரிகள் வந்து கொழுப்பைக் குறைக்கச் சொல்லி ஒரு மணி நேரம் பேசினார்கள், கிளம்பும்போது வழக்கப்படி ஆளுக்கு ஒரு பெட்டி டின் மாட்டிறைச்சி கொடுத்தோம், கூச்சமில்லாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். கொடுத்த எங்களுக்கும் கூச்சமில்லை. உன் இறைச்சித் தொழிற்சாலையில் அந்த ஊர்க்காரர்கள் தின்ன மாட்டார்கள் என்று ஒதுக்கும் ஆட்டு வயிற்றுக் கொழுப்பை நீயே பெட்டியில் அடைப்பதாகச் சொன்னாயே, அது இங்கே கடையில் மீனைவிட மலிவு. கடலுக்கு நடுவில் இருந்துகொண்டு மீன் வாங்க வக்கில்லாமல் இருக்கிறோம், அதைப் பற்றி அந்த அதிகாரிகள் ஒரு வார்த்தை பேசவில்லை, பிள்ளைகள் தின்பதையும் ஓடாததையும் மட்டும் பேசினார்கள். நானும் பிள்ளைகள் பக்கம்தான் திரும்பினேன். அதுதான் என் முதல் தப்பு.

ஆட்டத்துக்கு முதல் மாதம் ஊரே வந்தது, இரண்டாம் மாதம் பாதி குறைந்தது. நம் ஊரில் எது நடக்க வேண்டுமானாலும் பெயரை வாசித்தாக வேண்டும். எந்தக் குடும்பம் தேவாலயத்துக்கு எவ்வளவு கொடுத்தது என்று ஒலிபெருக்கியில் வாசிப்பதால்தானே வயிற்றைக் கட்டியாவது கொடுக்கிறோம். அந்த வெட்கத்தை ஒரு நல்லதுக்குப் பயன்படுத்தலாமே என்று நினைத்தேன். மாதம் ஒரு ஞாயிறு பிள்ளைகளின் எடையை வாசிப்போம் என்று குழுவில் சொன்னேன். லூசியா பதறிவிட்டாள், “வேண்டாம்க்கா, எடை அந்தப் புள்ளையோட சொந்த விஷயம்” என்றாள். “நாங்க போடுற காணிக்கையவே மைக்ல படிக்கிறோம், இதுல என்னடி ரகசியம், உடம்பு கண்ணுக்குத் தெரியாமலா இருக்கு” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே சரி என்றார்கள்.

வாசித்ததும் நான்தான். காணிக்கைப் பட்டியல் போலவே சிறியதிலிருந்து பெரியது வரை. கடைசிப் பெயர் பெனினா, பதினான்கு வயது, நூற்றுப் பதினொரு கிலோ. முந்தின ராத்திரியே எனக்குத் தெரியும், என் பெண்ணை விட்டுவிட்டு வாசித்தால் ஊர் பேசும் என்று நினைத்தேன், நியாயமாக நடக்கிறேன் என்று ஒரு பெருமைகூட இருந்தது. பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “அடேயப்பா, வலாசி வீட்டுக்குத்தான் முதல் பரிசு” என்றாள். கடைசிப் பெயருக்குக் கை தட்டுவது பழக்கம் இல்லையா, அந்தப் பழக்கத்தில் ஊரே கை தட்டியது. பாடகர் வரிசையில் வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக நின்ற உன் தங்கை சிரித்தாள். அழுதிருந்தால் இந்த வாசிப்பை நான் அன்றோடு நிறுத்தியிருப்பேன். சிரித்துவிட்டு அடுத்த பாட்டை முழுதாகப் பாடினாள்.

அதற்குப் பிறகு அவள் பாடவில்லை. மைதானத்தில் முன்னால் நின்று மற்ற பிள்ளைகளுக்கு அடி சொல்லிக்கொடுத்தவள் அவள்தான், மூச்சு வாங்காமல் ஒரு மணி நேரம் ஆடுவாள், இந்த ஊரிலேயே அவள் அளவுக்கு ஆட எந்த ஒல்லிப் பிள்ளைக்கும் வராது. அதை நான் எந்த ஞாயிறும் வாசிக்கவில்லை. இப்போது எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, சமையல் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு தின்கிறாள், சில நாள் தின்றதை வாந்தி எடுக்கிறாள். அடுத்த மாதம் எடை பார்க்க ஒன்பது பிள்ளைகள்தான் வந்தார்கள், மற்றவர்கள் எல்லாம் தோட்டத்துக்குப் போய்விட்டார்களாம். ஊருக்கு நல்லது செய்கிறேன் என்று ஊர்ப் பிள்ளைகளை ஒளிந்துகொள்ளப் பழக்கியிருக்கிறேன்.

கிறிஸ்துமஸோடு உன்னிடம் வந்துவிடுவதாகவும், நீ டிக்கெட் எடுப்பதாகவும் அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. போன செவ்வாய்க்கிழமை அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து, தப்புப் பண்ணிவிட்டேன், மன்னித்துவிடு என்றேன். கொலை செய்தவன் குடும்பம் விடியற்காலையில் பாயைப் போர்த்திக்கொண்டு செத்தவன் வீட்டு வாசலில் மன்னிப்புக்கு உட்காரும் ஊர் இது. ஆனால் பெற்றவள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு வழக்கமும் கிடையாது, எப்படிக் கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை. அவள் துருவுவதை நிறுத்தாமல், “நீ சொன்னது மைக்ல. மன்னிப்புக் கேக்கிறது மட்டும் அடுப்படியிலயாம்மா?” என்றாள்.

குழுத் தலைவி டெலேசியாவிடம் போய் வரும் ஞாயிறு மைக்கைக் கேட்டேன். “நீ மன்னிப்புக் கேட்டா குழுவே தப்புப் பண்ணின மாதிரி ஆயிடும், கேக்கணும்னா பதவிய விட்டுட்டுக் கேளு” என்றாள். குழுதான் தப்புப் பண்ணியது என்று சொல்லிப் பதவியை விட்டுவிட்டு வந்தேன். போதகர் அனுமதி கொடுத்திருக்கிறார், இரண்டு நிமிடம். நான் செய்தது தப்பு என்று என் பெண்ணின் பெயரைச் சொல்லியே சொல்லப் போகிறேன். யாரும் கை தட்ட வேண்டாம் என்றும் சொல்வேன். அவள் அன்றைக்குத் தேவாலயத்துக்கு வருவாளா என்று தெரியாது, வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் மாட்டேன். அதற்குப் பிறகும் உன்னிடம் வர வேண்டும் என்றால் அனுப்பிவிடுகிறேன், தடுக்க மாட்டேன். அங்கே வந்தால் பள்ளியில் சேர்த்துவிடு, உன் தொழிற்சாலைப் பக்கம் மட்டும் கூட்டிக்கொண்டு போகாதே.

ஆண்டவர் உன் கை விரல்களைக் கத்தியிலிருந்து காக்கட்டும், நல்ல ஆட்களோடு உன்னைச் சேர்த்து வைக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே. போன் பண்ணும்போதெல்லாம், “எத்தனை கிலோ குறைஞ்ச, குண்டம்மா” என்று விளையாட்டாகக் கேட்பாயே, இனிமேல் கேட்காதே. வேறு எதையாவது பேசு. அவள் பதில் சொல்லாவிட்டாலும் சட்டென்று வைத்துவிடாமல் கொஞ்ச நேரம் போனில் இரு.

உன் அம்மா
வலாசி