ஸ்டியரிங் தண்டில் துளை

4 டிசம்பர் 1948, சனி

நாளைக் காலை ஜுஹு விமானத் திடலில் கார்ப் பந்தயம். எங்கள் சேட்டின் அமெரிக்க வண்டி, விதி அனுமதிக்கும் எடையைத் தாண்டி நின்றது. லேசான பாகங்களுக்குச் செலவழிக்க மாட்டேன் என்றார் சேட். எடை குறைக்கக் கதவு, சீட்டுச் சட்டம் எல்லாம் துளைத்தும் போதவில்லை. கடைசியில் சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் தண்டையும் துளைத்தேன். இன்று எடை சரியாக வந்தது.

எடை போட்டபின் போட்டி வண்டிக்காரர்கள் பார்த்து ஆட்சேபம் சொல்லலாம். மாட்டுங்கா ஒர்க்‌ஷாப் செல்லையா, போட்டி வண்டி ஒன்றின் மெக்கானிக், எங்கள் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். என் வேலையில் ஒரு திருகாணி தளர்ந்திருந்தாலும் ஊரைக் கூட்டுகிறவன். அந்தத் துளைகளை விரலால் தடவினான். எழுந்து, வண்டி ஓட்டப்போகும் சேட்டின் தம்பியை ஒருமுறை பார்த்தான்.

"எனக்கு ஆட்சேபம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. ஓட்டட்டும்" என்று கையெழுத்துப் போட்டான்.

அவன் ஆட்சேபித்திருந்தால் இந்நேரம் நான் தூங்கியிருப்பேன்.