பதிவேட்டில் நான் இன்னும் விடுப்பில் இருப்பது குறித்து

அனுப்புநர்:
ஆ. ஜெனிதா (வயது 33),
த/பெ. ஆண்டனி,
ஊரூர் ஒல்காட் குப்பம்,
பெசன்ட் நகர், சென்னை – 90.

பெறுநர்:
தொழிலாளர் உதவி ஆய்வாளர் அவர்கள்,
தியாகராய நகர், சென்னை.

பொருள்: வேலையிலிருந்து முறைப்படி விலகிய பின்னும் விடுப்பில் இருப்பதாக எழுதிவருவது – விடுவிப்புக் கடிதம் பெற்றுத் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தி.நகரில் திரு. சுயம்புலிங்கம் அவர்களின் ஜவுளிக்கடையில், பட்டுப் பிரிவில் பதினொரு ஆண்டுகள் விற்பனையாளராக இருந்தேன். என் தந்தை கடலில் அடிபட்டுக் கிடந்தபோது கேட்காமலே மருத்துவமனைக்கு வந்து நின்றவர் அவர். இதைப் புகாரில் எழுதக் கூடாது என்றார்கள். எழுதாவிட்டால் மனு பொய்யாகிவிடும்.

2. அடையாறில் வேறொரு கடையில் மேற்பார்வையாளர் வேலை வந்தது. சம்பளம் கூடுதல். உட்கார நாற்காலியும் உண்டு. பதினொரு ஆண்டுகள் நின்ற கால்களுக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. உடனே ஓடிவிடவில்லை. ஆடித் தள்ளுபடி முடியும்வரை பொறுத்து, 18.08.2025 அன்று ஒரு மாத முன்னறிவிப்புடன் விலகல் கடிதம் கொடுத்தேன். அண்ணாச்சி (அவரை அப்படித்தான் அழைப்போம்) அதைப் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் வைத்தார். என் இடத்துக்கு வந்த சரண்யாவுக்கு எந்த அடுக்கில் எது என்று எல்லாம் காட்டிக் கொடுத்தேன். 17.09.2025 அன்று எல்லோருக்கும் லட்டு கொடுத்து விடைபெற்றேன். அண்ணாச்சியும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

3. அதன்பின் விடுவிப்புக் கடிதம் கேட்டு மூன்று முறை போனேன். "இன்னைக்கு நாள் சரியில்ல, பொறவு பாப்போம்" என்பார். ஆயுத பூஜைக்கு மற்ற ஊழியர்களுக்குப் போலவே என் பெயர் எழுதிய பொரிப் பொட்டலமும் வீட்டுக்கு வந்தது. திருப்பி அனுப்ப மனம் வராமல் தின்றுவிட்டோம். அது என் தவறு.

4. அடையாறு கடைக்காரர் பழைய முதலாளியைக் கேட்காமல் ஆள் எடுப்பதில்லை. தொலைபேசியில் கேட்டவரிடம், "அந்தப் பிள்ள லீவுல போயிருக்கு, வந்துரும்" என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். 04.10.2025 அன்று தி.நகர் கடைக்கு நேரில் போனேன். வருகைப் பதிவேட்டில், நான் விலகிய மறுநாள் முதல் என் பெயருக்கு நேரே தினமும் 'விடுப்பு' என்று தன் கைப்பட எழுதியிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "அங்க ஒத்துவரலன்னா எங்க போவ? எடம் இருக்கட்டும்" என்றார். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கோபத்தை மட்டும் தங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன்.

5. 10.10.2025-க்குள் விடுவிப்புக் கடிதம் வராவிட்டால், தீபாவளி விற்பனைக்கு வேறு ஆளை எடுத்துக்கொள்வதாக அடையாறில் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே, தாங்கள் அவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டாம். வாடிக்கையாளர்கள் இருக்கும்போது ஆய்வுக்கும் வர வேண்டாம். காலையில் கடை திறந்து விளக்கேற்றியதும் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அரசு அதிகாரி சொன்னால் இழுப்பறையில் இருக்கும் என் விலகல் கடிதத்தைப் பிரித்துவிடுவார்.

இன்னொன்றும் உண்டு. முன்பு சூடாமணி என்பவர் சொல்லாமல் வேறு கடைக்குப் போனபோது, அண்ணாச்சி பதிவேட்டில் தாள் கிழியும்படி அவர் பெயரைச் சிவப்பு மையால் அடித்தார். சூடாமணி இன்றுவரை அந்தத் தெருப் பக்கமே வருவதில்லை. என் பெயரை அப்படி அடிக்க வேண்டாம், எதிரே 'விலகினார்' என்று மட்டும் எழுதினால் போதும் எனத் தாங்கள் அவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸுக்கு அம்மாவுக்குப் புடவை எடுக்க நான் அந்தக் கடைக்குத்தான் போக வேண்டும்.

இடம்: சென்னை
நாள்: 06.10.2025

தங்கள் அழைப்பை நம்பியிருக்கும்,
ஆ. ஜெனிதா

இணைப்பு: விலகல் கடித நகல், பொரிப் பொட்டலத்தில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டு.