ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு

ஜூன் 3, செவ்வாய்

அக்கா மகள் போன் செய்தாள். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு, அடுத்து என்ன படிப்பது என்று வீட்டையே ஒரு வழி பண்ணிக்கொண்டிருக்கிறாள். எதையும் துருவித் துருவிக் கேட்பாள் என்பதால் சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் துருவி என்றுதான் பேர்.

"சித்தி, நான் ஆப்டோமெட்ரி படிக்கலாமா? இருபதாம் தேதிக்குள்ள அப்ளை பண்ணணும். உண்மையைச் சொல்லு."

நான் அதே கண் பரிசோதனைப் படிப்பைப் படித்துவிட்டு அதே வேலையில்தான் பத்து வருடத்துக்கு மேல் இருக்கிறேன். ஆமாம் என்றோ வேண்டாம் என்றோ வாயிலிருந்து சட்டென்று வந்திருக்க வேண்டாமா? "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். என்ன யோசிக்கப்போகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 4

நிறுத்தத்தில் நின்றபடியே என் பஸ்ஸை விட்டுவிட்டேன். நம்பர் தெரிவதற்குள் அது தாண்டிப் போய்விட்டது. தூக்கம் போதவில்லை போல.

ஜூன் 6, வெள்ளி

என்ன வேலை செய்கிறேன் என்று எழுதிப் பார்த்தாலாவது அவளுக்குப் பதில் வருகிறதா பார்க்கலாம்.

முன்பக்கம் கண்ணாடிக் கடை. பின்பக்கம் ஜன்னல் இல்லாத என் அறை. ஒரு உயரமான நாற்காலி, அதற்கு எதிரே சுவரில் எழுத்துத் திரை, கையெட்டும் தூரத்தில் லென்ஸ் பெட்டி. வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, திரைக்கு முதுகு காட்டி நான் அவர் முன்னால் நிற்பேன். ஒரு லென்ஸ் வைப்பேன், எடுத்துவிட்டு இன்னொன்று வைப்பேன். "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" நாள் முழுக்க இதே கேள்விதான். பாதிப் பேர் சொல்வது, "ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு." பரீட்சையில் தப்பாக எழுதிவிடுவோமோ என்ற பயத்தோடு சொல்வார்கள்.

இன்று ஒரு அம்மாவுக்கு நம்பர் மாறவே இல்லை. பழைய கண்ணாடியே போதும் என்று அனுப்பிவிட்டேன். முதலாளி கதவோரம் வந்து நின்றார்.

"ஒரு கால் நம்பர்கூட மாறலையாம்மா?"

"இல்ல சார்."

"நல்லாப் பார்த்தியா?"

"பார்த்தேன் சார்."

முன்பெல்லாம் இப்படிக் கேட்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். வீட்டுக்குப் போயும் பொருமிக்கொண்டிருப்பேன். இன்று லென்ஸைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

கல்யாண வீடுகளில் கேட்பார்கள். டாக்டரா? இல்லை. நர்ஸா? இல்லை. அப்போ கண்ணாடி விக்கறியா? ஆமாம் என்று சொல்லிவிடுவேன். விளக்கி முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிவிடும்.

ஜூன் 9, திங்கள்

அக்கா போன்.

"அவ உன்கிட்ட கேட்டாளாமே. வேண்டாம்னு சொல்லிடு. நீ சொன்னாத்தான் கேப்பா."

"ஏன்க்கா?"

"ஏனா? உன்னைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேனே."

அவள் குத்திக்காட்டவில்லை. அக்கறைதான். மழை வருகிறது, துணியை எடு என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள். சாயங்காலம்வரை அந்த ஒரு வரி கூடவே வந்தது. வலித்ததா? இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது போல இருந்தது. தொடுவது தெரிகிறது, அவ்வளவுதான்.

சரி, வேண்டாம் என்றே சொல்லிவிடலாம். காரணம் கேட்பாள். துருவி அல்லவா.

ஜூன் 11

அச்சகத்தில் பிழை திருத்துபவர் ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு வருடமாகவே வேலையில் மனது நிற்கவில்லையாம். இரண்டு பக்கம் படித்தால் தலை கனக்கிறதாம், எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிறாராம். "சோம்பேறியாயிட்டேன் மேடம். பொண்டாட்டியும் அதையேதான் சொல்றா."

கிட்டப் பார்வைக்கு லென்ஸ் போட்டு, பொடி எழுத்து அட்டையைக் கையில் கொடுத்தேன். வாசித்தார். நிறுத்தினார். "அட" என்றார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றதை, லென்ஸுக்குப் பின்னால் பெரிதாகத் தெரிந்ததால், பார்த்தேன்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

இதற்காவது ஏதாவது தோன்றியிருக்க வேண்டாமா? மரத்துப்போய்விட்டேன். எல்லாமே கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் மங்கலாக இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல இதைவிட என்ன காரணம் வேண்டும்?

ஜூன் 14, சனி

துருவி காலையிலேயே கடைக்கு வந்துவிட்டாள். சொல்லாமல் கொள்ளாமல். "நீ யோசிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்குக் கல்யாணமே ஆயிடும். நானே பார்த்துக்கறேன்" என்று என் அறை மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வந்தவர்களிடம் பயிற்சிக்கு வந்திருக்கிறாள், இருக்கலாமா என்று கேட்டேன். யாரும் மறுக்கவில்லை. ஒரு பெரியவர் மட்டும், "இவங்களும் டாக்டரா?" என்றார். "இவங்களே இல்லீங்க" என்றாள் என்னைக் காட்டி. வாய்.

மத்தியானம் ஆள் இல்லாத நேரம். நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அவள் திரையின் ரிமோட்டை எடுத்து ஒவ்வொரு பட்டனாக அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, உனக்குக் கண்ணு நல்லாத் தெரியுமா?"

"எனக்கென்ன. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை இதே நாற்காலியில உட்கார்ந்து நானே பார்த்துக்குவேன்."

"எங்க, கடைசி வரியைப் படி."

இடது கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தேன். மறு கண்ணைப் பொத்தி மறுபடியும். ஒரு எழுத்துத் தடுக்கவில்லை.

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அது இல்ல சித்தி. நான் எழுத்தையெல்லாம் மாத்திட்டேன்."

திரையைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசி வரி இருந்தது. அதில் எழுத்துகள் இருந்தன. என்ன எழுத்துகள் என்றுதான் தெரியவில்லை. அதற்கு மேல் வரியும் தெரியவில்லை. அதற்கும் மேல் வரியைக் கண்ணை இடுக்கித்தான் படித்தேன்.

இத்தனை வருடமும் திரையில் வருவது ஒரே எழுத்துகள். மாற்ற ஒரு பட்டன் இருப்பது எனக்குத் தெரியும். யாருக்காக மாற்றுவது, வருகிறவர்களுக்கு மனப்பாடமா ஆகப்போகிறது? ஆனது எனக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நான் பார்த்தது கண்ணை இல்லை, ஞாபகசக்தியை.

"எழுந்திரிக்காத" என்றாள். "லென்ஸ் எது எதுன்னு சொல்லு. நான் வைக்கறேன்."

சொன்னேன். லென்ஸ் செருகும் இரும்புச் சட்டத்தை மூக்கில் மாட்டினாள். குளிர்ந்த விரல். ஒரு லென்ஸ் வைத்தாள். "இது தெளிவா இருக்கா?" எடுத்து இன்னொன்று. "இல்ல இதுவா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு" என்றேன். நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயமாகவும் இருந்தது. அவள் பொறுமையாக மறுபடி வைத்துக் காட்டினாள். கடைசியில் ஒரு லென்ஸில் அந்த வரி எழுந்து நின்றது.

"அட" என்றேன்.

ஜூன் 16

எனக்கு நானே நம்பர் எழுதிக்கொள்வது சரியில்லை என்று, கூடப் படித்தவள் வேலை செய்யும் கடைக்குப் போய்க் காட்டினேன். வலது மைனஸ் அரை. இடது மைனஸ் முக்கால். "உனக்கேவா?" என்று சிரித்து முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது.

எங்கள் கடையில் லென்ஸ் அறுத்துப் பொருத்துகிற அண்ணன் அதற்கும் மேலே. "ஃப்ரேம் எடுங்க மேடம். ஊருக்கெல்லாம் பார்த்துச் சொல்றவங்களுக்கு ஸ்பெஷல் ரேட் கிடையாது." முதலாளி சந்தோஷமாகத் தலையாட்டினார். கடைசியில் என்னிடமும் ஒன்று விற்றுவிட்டார்.

ஜூன் 18, புதன்

கண்ணாடி போட்டாயிற்று. பஸ் நம்பர் தெருமுனையிலேயே தெரிந்தது. எதிர்வீட்டு மாடியில் காயும் துணியில் கிளிப் என்ன நிறம் என்றுகூடத் தெரிகிறது.

மற்றபடி எல்லாம் அப்படியேதான். மனசுக்கெல்லாம் நம்பர் கிடையாது. ஆனால் மரத்துப்போனதில் எவ்வளவு மரத்துப்போனது, எவ்வளவு வெறும் முக்கால் நம்பர்? பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அந்தப் பிழை திருத்துபவர் ஞாபகம் வந்தது.

துருவிக்குச் சொல்ல ஒரு பதில் தயார் பண்ணினேன். 'ஒருத்தர் கண்ணாடியை இன்னொருத்தர் போட முடியாது, உனக்கு எது தெளிவாத் தெரியுதோ அதைச் செய்.' எழுதிப் பார்த்தால் காலண்டரில் கிழிக்கிற வாசகம் போல இருந்தது. அடித்துவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

இன்றைக்குள் சொல்லவேண்டும். மத்தியானம் நானே போன் செய்தேன். இன்னும் பதில் தயாராகவில்லை, தெரியாது என்பதையாவது நேர்மையாகச் சொல்லிவிடலாம் என்று.

"சித்தி, நான் அக்கவுண்ட்ஸ்ல சேர்ந்துட்டேன். காலையிலேயே."

ஓ, என்றேன்.

"கோவமா?"

"எனக்கென்ன கோவம். உங்கம்மாவுக்குச் சந்தோஷமா இருக்கும்."

"அம்மா சொல்லி இல்ல. அந்த ரூம்ல ஒரு நாள் உட்கார்ந்தேன்ல. ஒரே கேள்வி. காலையிலேர்ந்து ஒரே கேள்வி. நாலாவது ஆளுக்கே எனக்குக் கத்தணும் போல இருந்துச்சு. நீ கேக்கற மாதிரி என்னால கேக்க முடியாது."

"நான் எப்படிக் கேக்கறேன்?"

"ஒவ்வொருத்தர்கிட்டயும் அன்னிக்குத்தான் மொதல் தடவையாக் கேக்கற மாதிரி. அந்தத் தாத்தா பன்னெண்டு தடவை ரெண்டும் ஒண்ணுதான்னாரு. நீ பதிமூணாவது தடவையும் அதே மாதிரி கேட்ட. நான் உன் மூஞ்சியத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். உனக்குத் தெரியாதா?"

தெரியாது.

போனை வைத்துவிட்டு என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். லென்ஸ் பெட்டியைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினேன். எதுக்கு? வேண்டாம்னு சொல்லத்தானே இருந்தேன்? நான் சொல்லாமலே அவ வேண்டாம்னுட்டா, நல்லதுதானே? அப்புறம் ஏன் இப்படி இருக்கு? அவ இதைப் படிக்கணும்னு எனக்கு ஆசையா இருந்திருக்கு. எனக்கே தெரியாம. நான் பார்க்கிற வேலையை இன்னொருத்தரும் வேணும்னு கேக்கணும்னு...

அழுதேன். நிறைய இல்லை. புதுக் கண்ணாடியில் கறை பட்டுவிட்டது. லென்ஸ் துடைக்கும் துணியாலேயே துடைத்துக்கொண்டேன். வெளியே ஒரு பையனும் அவன் அப்பாவும் காத்திருந்தார்கள்.

ஜூன் 21

கன்னத்தில் ஊசியின் வேகம் இறங்குகிறாற்போல இருக்கிறது. வலிக்கிறது.

ஜூலை 7, திங்கள்

அக்கா போன். துருவிக்கு இன்று முதல் நாள் வகுப்பாம். "நீதான் நல்லபடியாச் சொல்லி மனசை மாத்தியிருப்ப" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை என்று சொன்னேன். நம்பவில்லை.

காலையில் ஒரு வேன் ஓட்டுநர் வந்தார். மூன்றாவது வரியைத் தாண்டவில்லை. இடது கண்ணுக்கு எந்த லென்ஸ் வைத்தாலும் பார்வை ஏறவில்லை. இது கண்ணாடியால் தீர்கிற விஷயம் இல்லை, இன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள் என்று எழுதிக் கொடுத்து, கூட யாராவது வருவார்களா என்று கேட்டேன். முதலாளி கதவோரம் வந்து, "ஒண்ணும் எடுக்கலையாம்மா?" என்றார். "எடுக்கற கேஸ் இல்ல சார்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. அவர் போய்விட்டார். சாயங்காலம்வரை பொருமிக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் கடை திறந்ததும் எழுத்துகளை மாற்றிவிடுகிறேன். அதனால் ஒரு தொல்லை. ஒவ்வொருவர் படிக்கும்போதும், அவர் சரியாகத்தான் படிக்கிறாரா என்று நானும் திரும்பித் திரையைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கழுத்து வலிக்கிறது. நாளை நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும்.