மடியில் இருப்பது எது

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, போதுமான அளவு தூங்கி, குளிருக்குச் சரியாகப் போர்த்திக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன், அப்படி இல்லையென்றாலும் அப்படித்தான் இருக்கிறேன் என்று பதில் எழுது, எனக்கு அது போதும். இங்கே அப்பாவும் சின்னவளும் சுகம். நானும் சுகம்தான், வலது மணிக்கட்டு மட்டும் சேர்த்தியில்லை. குழந்தைகள் வார்டில் ஒரு கட்டிலின் கம்பித் தடுப்பு மாட்டிக்கொண்டது, இழுத்தேன், அது வரவில்லை, என் நரம்புதான் வந்தது. கட்டுப் போட்ட டாக்டர் எடை எதுவும் தூக்கக் கூடாது என்றார், பேனாவும் எடையில் சேர்த்தியா என்று கேட்டேன், சேர்த்தி என்றுவிட்டார். அதனால்தான் சின்னவள் மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் சொல்வது ஒன்று, அவள் எழுதுவது கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறதே என்று எட்டிப் பார்த்துக் கேட்டால், "நீ சொன்னதேதாம்மா, கொஞ்சம் தலை வாரி விட்டிருக்கேன்" என்கிறாள். பரீட்சைக்குப் படிக்கச் சொன்னால் மட்டும் இந்தச் சுறுசுறுப்பு வருவதில்லை.

அடுப்படி இப்போது அப்பாவின் கையில். அச்சகத்திலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் உள்ளே போய்விடுகிறார். உப்புப் போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் இன்னொரு தடவை போட்டுவிடுகிறார். ருசி பார்த்தால் தெரியாதா என்று கேட்டேன், "ஆராய்ச்சி எல்லாம் உன் ஆஸ்பத்திரியில வெச்சுக்கோ தாயே, இங்க போட்டதைச் சாப்பிடு" என்றார். சாப்பிட்டோம். குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டியை நம் வாசலில் நிறுத்துவதை இன்னும் நிறுத்தவில்லை. மற்றபடி புதிதாக ஒன்றும் இல்லை.

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, பதில் போடாமல் இருந்ததற்குக் கை மட்டும் காரணம் இல்லை. "உன்னைப் போல நர்ஸ் படிப்புப் படித்தவள் நான், ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து தோலுக்கடியில் ஓடும் ஒரே ஒரு வகை நரம்பு இழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மெதுவாகத் தடவினால் மட்டும் அது விழிக்கிறது, அதனால் யாருக்கு என்ன லாபம், ஒரு நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கூட வருஷக்கணக்காகிறது, ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடாமல் உன்னிடமே வந்து வார்டில் நிற்கட்டுமா அம்மா" என்று அதில் கேட்டிருந்தாய். படித்தவுடன் வா என்றுதான் வாயில் வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என் கால்கள் எனக்குச் சொந்தமில்லை, வீட்டுப் படியேறும்போது மேலே விளக்கு எரிந்து, அதன் கீழே நீ உட்கார்ந்திருந்தால் எப்படியிருக்கும் என்று நினைக்காத நாளே இல்லை. இந்த வரியை அடித்துவிடு என்று சின்னவளிடம் சொன்னேன், அடித்தால் பக்கம் அசிங்கமாகிவிடுமாம், ஆகவே இருக்கிறது, நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

வா என்று எழுதாமல் போனதற்கு எங்கள் ஊசி அறைதான் காரணம். இந்த வருஷம் மேட்ரன் ஒவ்வொரு பிரிவையும், காலங்காலமாகச் செய்து வருவதில் ஒன்றை எடுத்து அது சரிதானா என்று சோதித்துப் பார்க்கச் சொன்னார். நான் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதை எடுத்துக்கொண்டேன். உனக்கே தெரியும், மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்து ஒருவர் கையையும் ஒருவர் காலையும் அமுக்கிப் பிடிப்பதுதான் இங்கே வழக்கம். ஒரு நாள் அப்படி, மறுநாள் தாயின் மடியில் உட்கார வைத்து, இரண்டிலும் குழந்தை எவ்வளவு நேரம் அழுகிறது என்று பார்ப்பது என்று ஏற்பாடு. ஊசி போடுவது குட்டி சிஸ்டர், அவளை உனக்குத் தெரியாது, மருந்து அலமாரியின் மேல்தட்டு எட்டாததால் வந்த பெயர். பிடித்துக்கொள்வது ஆயா. நான் உள் வார்டில் இருந்தேன், அந்தப் பக்கம் போக நேரமில்லை. கடைசியில் கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டு வகை நாட்களுக்கும் வித்தியாசமே இல்லை. மேட்ரன் தாளை என் பக்கம் தள்ளி, "பாத்தீங்களா சிஸ்டர், மடியோ மேசையோ, ஊசி ஊசிதான். பழையபடியே போகட்டும், நம்ம ஆஸ்பத்திரியோட மத்த கிளைகளுக்கும் அப்படியே சொல்லிடறேன்" என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது, ஒரு வேலை குறைந்ததே என்று.

அடுத்த ஊசி நாளில் குட்டி சிஸ்டர் லீவு, நானே ஊசி அறைக்குப் போனேன். முதலில் வந்த பெண் தன் குழந்தையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, "போன தடவை மாதிரியே மடியிலதானே சிஸ்டர்?" என்றாள். பதிவேட்டைப் புரட்டினால், போன தடவை அவள் வந்தது படுக்க வைக்கும் நாள். நான் ஆயாவைப் பார்த்தேன், ஆயா பஞ்சு டப்பாவைப் பார்த்தாள். மறுநாள் குட்டி சிஸ்டரைக் கேட்டபோது, படுக்க வைக்க வேண்டிய நாட்களிலும் மடியிலேயே வைத்துப் போட்டதை மறைக்கவேயில்லை, கண் மட்டும் கலங்கியது. "அக்கா, மடியில வெச்சா அடங்கிடுதுன்னு முதல் வாரமே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சப்புறம் எப்படிக்கா அமுக்கறது? நீங்க அமுக்குவீங்களா?" என்றாள். ஆயா குறுக்கே வந்து, "அந்தப் பாவத்தை எல்லாம் நான் தூக்கிச் சுமக்க முடியாதும்மா, வேணும்னா என்னைத் துணி துவைக்கிற இடத்துக்கு மாத்துங்க" என்றாள். எனக்குத் திட்ட வாய் வரவில்லை. ஆனால் யோசித்துப் பார், இந்த ஒரு அறையில் இருக்கும் குழந்தைகளைப் பார்த்து இரங்கியதால், மடி நல்லது என்பதற்கு அத்தாட்சியே இல்லாமல் போய், மற்ற எல்லா அறையிலும் எல்லாக் குழந்தைகளையும் அமுக்கிப் பிடிப்பார்கள்.

மேட்ரனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துக் கண்ணைத் தேய்த்தார், அவருக்கும் என்னைப் போல ஓய்வு பெறும் வயது. திட்டுவார் என்று நின்றேன், "இன்னொரு தடவையா, ஆளுக்கு எங்க போறது?" என்றுதான் கேட்டார். பிறகு, "சரி, மடியில வெச்சா ஏன் அடங்குது? அதைச் சொல்லுங்க, மேலிடத்துல கேப்பாங்க" என்றார். தாய் மடி இல்லையா என்று என்னமோ சொல்லி வைத்தேன். சொல்லும்போதே அது பதில் இல்லை என்று தெரிந்தது.

ஏனென்றால் அந்த வாரம் ஒரு பெண் குழந்தை வந்தாள், பெற்றோர் இல்லாத குழந்தைகளை வளர்க்கும் இல்லத்திலிருந்து. கூட வந்தவர் வண்டி ஓட்டுபவர், குழந்தையைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வாசலில் நின்றுகொண்டார். ஆயா தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள், மற்றவர்களுக்குச் செய்தது போலவேதான் செய்தோம், அவள் அடங்கவேயில்லை, விறைத்துக்கொண்டு கத்தினாள். ஆயா அன்று மத்தியானம் டீகூடக் குடிக்கவில்லை. மடியில் இருப்பது எது? நிமிர்ந்து உட்காருவதா, உடம்புச் சூடா, பழகிய வாசனையா, நீ சொல்லும் அந்தத் தடவலா? நிமிர்ந்து உட்காருவது என்றால் யார் வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம். தடவல் என்றால் எவ்வளவு மெதுவாக, எந்த இடத்தில் என்று ஆயாவுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். பழகிய கை மட்டும்தான் என்றால், அவளுக்கு வேறு வழி தேட வேண்டும். நான் ஆயிரம் குழந்தைக்கு அழுகை நேரம் பார்த்தாலும் மடி நல்லதா இல்லையா என்பது வரைதான் வரும். அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது உன் மாதிரி, ஒரு இழையை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பவள் வேலை. அதில் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டாயே, அந்தப் பெஞ்சைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்ததை அப்படியே எழுதச் சொல்லிவிட்டேன்.

நாங்கள் முதலிலிருந்து தொடங்குகிறோம். எங்கள் அறையில் இனி மடி மட்டும்தான், படுக்க வைத்துப் போடும் வழக்கம் மாறாத இன்னொரு கிளையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று மேட்ரன் முடிவு செய்தார். இரண்டு இடமும் ஒன்றா, ஆட்களும் வேறு ஆயிற்றே என்று நீ கேட்பாய், எனக்கும் தெரிகிறது, அதற்கு என்ன செய்யலாம் என்று எழுது. முடிவு வரும் வரை அங்கே அழும் குழந்தைகளை நினைத்தால் எனக்கும் சோறு இறங்கவில்லை. இல்லத்துக் குழந்தைக்கு அடுத்த ஊசி சீக்கிரம் வருகிறது, அதற்குள் உன்னிடமிருந்து பதில் வராது என்பதும் தெரியும். அன்றைக்கு அவள் அழுவாள், நாங்கள் பக்கத்தில் நிற்போம். அவளுக்குப் பின்னாலும் பெஞ்சில் உட்காருபவர்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள், கண்ணு.

அதனால் கையெழுத்தைப் போடு. உடம்பைப் பார்த்துக்கொள், பல் வலி என்றாயே, தள்ளிப்போடாமல் காட்டு. எந்தக் குறையும் இல்லாமல், எடுத்த வேலை கைகூடி, நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவின் ஆசியும் இதில் சேர்த்தி. ஒன்று மட்டும் மறக்காதே. கையெழுத்துப் போட்ட பிறகு எனக்குக் கடிதம் எழுது. போடுவதற்கு முன்னால் எழுதி இன்னொரு தடவை கேட்டாயானால், நான் வா என்று சொல்லிவிடுவேன்.

என்றும் உன் நினைவாக,
அம்மா
(எழுதியது சின்னவள்)