இரவல் நாள்

ஜனவரி 20

அன்புள்ள மொக்ரானுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்காலைத் தவிர என்னிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நீயும் நஸிமாவும் குழந்தை ஸிலியாவும் மொன்றியால் குளிரில் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் இறைவனைக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே மூன்று நாளாகப் பனி. பக்கத்து வீட்டு அக்லி வந்து கூரையிலிருந்து தள்ளிவிட்டான், பாதியை என் வாசலிலேயே தள்ளினான், பிறகு அதையும் அவனையே அள்ளச் சொன்னேன். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை கிடைத்தது. அதில் பித்தான் தைத்திருக்கும் லட்சணத்தை எங்கள் பள்ளிக்கூடத்து சிஸ்டர்கள் பார்த்திருந்தால் விரலில் அளவுகோலால் அடித்திருப்பார்கள். எல்லாவற்றையும் பிரித்து நானே தைத்துக்கொண்டேன்.

உன் பயணத் திட்டம் அக்லியின் வாயிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது. பிப்ரவரி பதினொன்றாம் தேதி திக்ஜ்தா மலையூரிலிருந்து பனியில் நடந்து கணவாய் வரை ஏறப் போகிறாயாம், ஸிலியாவும் உடன் வருகிறாளாம், அவனை வழிகாட்டியாகப் பேசியிருக்கிறாயாம். நான் மறுப்பேன் என்று பயந்து என்னிடம் சொல்லவில்லை. மறுக்கத்தான் போகிறேன். ஆனால் இந்த முறை காரணத்தையும் சொல்கிறேன். தொலைபேசியில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், நானும் பாதியில் நிறுத்திவிடுவேன்.

உன் அப்பா அரெஸ்கி அந்த மலைத் தேசியப் பூங்காவில் காவலராக இருந்தபோது மேலிடத்து உத்தரவின்பேரில் மலைக்குப் போய்ப் பனியில் இறந்தார் என்று உன்னிடம் சொல்லி வளர்த்தேன். அப்படி ஓர் உத்தரவே இல்லை. மேலே இருக்கும் குடிசையின் கதவைப் பார்த்துவிட்டு வர அன்றைக்கும் போகலாம், ஒரு வாரம் கழித்தும் போகலாம். ஜனவரி ஒரு நாளைப் பிப்ரவரியிடம் இரவல் வாங்கி, தன்னைக் கேலி செய்த கிழவியையும் அவள் ஆட்டையும் உறைய வைத்த கதை உனக்குத் தெரியும். அந்த நாளில் நம் ஊரில் ஆட்டைக்கூட வெளியே விடமாட்டார்கள். சுவரில் தொங்கும் காலண்டர்படி அது ஜனவரியின் கடைசி நாள். என் மாமியார் யென்னாயர் என்ற நம் பழைய புத்தாண்டு இரவின் குஸ்குஸ் விருந்திலிருந்து விரல் விட்டு எண்ணுவார். அவர் எண்ணிக்கையில் அது பிப்ரவரி பதினொன்றில் வரும். உன் அப்பா கிளம்பிய காலை அவர் தன் மகனின் பழுப்பு பர்னூஸ் மேலங்கியைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு வேணாண்டா அரெஸ்கி, இரவல் நாளுடா," என்றார். உன் அப்பா சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "நீதான் படிச்சவ, நீ சொல்லு, இன்னைக்கு என்ன தேதி?" என்றார். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "பிப்ரவரி பதினொண்ணு. இரவல் நாள் போய்ப் பதினோரு நாளாச்சு. கெழவிக்கும் ஆட்டுக்கும் பயந்தா வேலைய விட்டுட்டு என் பாவாடையக் கட்டிக்கிட்டு உக்காருங்க," என்றேன். அவர் போனார். மதியத்துக்குள் மலையே தெரியவில்லை. ஏப்ரலில் பனி கரைந்த பிறகுதான் கிடைத்தார். குடிசையையும் தாண்டி மேலே போயிருந்தார். என் மாமியார் சாகும்வரை அந்தக் காலையைப் பற்றி என்னிடமோ வேறு யாரிடமோ ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன வருஷம் அதே பிப்ரவரி பதினொன்றில் அக்லி அல்ஜியர்ஸிலிருந்து வந்த நால்வரைக் கணவாய்க்குக் கூட்டிப்போனான். பனிமூட்டத்தில் பின்தங்கிய ஒரு பெண் பிறகு ஓடிவந்து சேர்ந்தாளாம். பழுப்பு பர்னூஸ் போட்ட ஒருவர் அவளை நிறுத்தி இன்று என்ன தேதி என்று கேட்டாராம், பதினொன்று என்றதும் தலையாட்டிவிட்டு மேலே நடந்தாராம். அக்லி திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறான், அவள் கால்தடம் மட்டுமே இருந்ததாம். என் அடுப்படியில் உட்கார்ந்து அத்திப்பழம் தின்றுகொண்டே, "பேய்க்குக் கூட காலண்டர் வேண்டியிருக்கு பெரியம்மா," என்று சிரித்தான். உன் அப்பா கிளம்பிய காலையில் வாசலில் நடந்த பேச்சு அவனுக்குத் தெரியாது. அது தெரிந்த மூவரில் நான் மட்டும்தான் உயிரோடு இருக்கிறேன்.

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று நீ சொல்வாய். நானும் அதையே சொன்னவள்தான், நல்ல பிரெஞ்சில், இலக்கணப் பிழை இல்லாமல். கோபம் வந்தால் கோபப்படு, நான் மன்னிப்புக் கேட்டுப் பழகாதவள், அதற்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஆனால் அந்த நாளில் குழந்தையை அந்த மலையில் ஏற்றாதே. அடுத்த நாளோ அதற்கடுத்த வாரமோ ஏறு, பனி எங்கும் போய்விடாது. நானும் வருகிறேன். அக்லி கோவேறு கழுதைக்குச் சொல்லி வைத்திருக்கிறான், என் முழங்காலைக் காரணம் காட்டாதே. முப்பத்தெட்டு வருஷமாக அந்தப் பூங்காவின் வாசலைக்கூட நான் மிதித்ததில்லை. உன் அப்பா யாரைக் கேட்டாலும் காலண்டர் தேதியைத்தான் சொல்கிறார்கள், அவரும் மேலேயே ஏறிக்கொண்டிருக்கிறார். நான் சொன்னது தப்பு, இறங்கி வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்ல வேண்டியவள் நான்.

இறைவன் உங்கள் மூவர் பாதையையும் பத்திரமாக வைக்கட்டும், ஸிலியாவுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். அவளுக்குக் கணுக்கால் மூடும் பூட்ஸ் வாங்கு, அழகைப் பார்த்து வாங்காதே. பயணத் தேதியை மாற்றியதும் அக்லிக்கு இல்லை, எனக்குச் சொல்.

உன் அம்மா,
தாஸாதித்